தவணை போடுமுன்

அன்புள்ள மருமகளுக்கு,

ஹட்டன் கடையில் பார்த்த போனுக்கு மாதம் 3,000 ரூபாய் தவணை கட்டலாமா என்று கேட்டிருந்தாய். அம்மாவின் 2025 ஆகஸ்ட் தோட்டச் சம்பளச் சீட்டையும் படமெடுத்து அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று. அதை வைத்தே பார்ப்போம்.

2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் அறிவித்த 1,700 ரூபாய் நாட்சம்பளத்தை மறந்துவிடு. அந்தச் செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளமாக நிலைத்தது 1,350தான். அம்மாவுக்கு 20 பேர், அதாவது 20 நாள் வேலை, விழுந்திருக்கிறது, 27,000. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், 2,160. அதுவும் அம்மாவின் காசுதான், ஆனால் அதை எடுத்துக் கடைக்காரனிடம் நீட்ட முடியாது. தீபாவளி முற்பணத்துக்கு 2,000, தொழிற்சங்கச் சந்தாவும் மரண ஆதாரச் சங்கமும் 340. கைக்கு வந்தது 22,500. உன் கணக்கு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அரிசி, மா, மரக்கறி என்று கடைக் கொப்பியில் 14,000 என்கிறாய். கரண்ட் 1,200. உன் டியூஷனும் பஸ்ஸும் 3,000. போக 4,300 நிற்கிறது. "அப்போ கட்டலாம்தானே மாமா?" என்பாய்.

பொறு. கோயில் திருவிழா, பொங்கல், தம்பியின் சப்பாத்து, கொப்பிகள், நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் செலவு எல்லாம் வருடத்துக்கு 30,000 ஆகுமென்று நீயே எழுதியிருக்கிறாய். மாதத்துக்குப் பிரித்தால் 2,500. தீபாவளியை இதில் சேர்க்காதே. அது முற்பணமாக ஏற்கெனவே சீட்டில் பிடிபடுகிறது. மிச்சம் 1,800. மனம்போல் செலவழிக்கவோ சேர்க்கவோ உங்கள் வீட்டில் இருப்பது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கிடைக்கும் கைக்காசையும், அண்ணன் கொழும்பிலிருந்து நினைத்தபோது அனுப்புவதையும் நான் சேர்க்கவில்லை. வந்தால் சந்தோஷம். ஆனால் அவற்றை நம்பிக் கையெழுத்துப் போடக்கூடாது. முற்பணத்தை வருமானமாக நினைக்கும் பழக்கமும் நம் லயங்களில் பழையது. அப்படி வாங்கிய முற்பணக் கடனைக் காட்டித் தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிவைத்த 'துண்டு' முறையை 1921இல் சட்டம் போட்டுத்தான் ஒழித்தார்கள்.

இன்னொன்று, ஆகஸ்ட் மட்டும் வருடமல்ல. வருடத் தொடக்கத்தில் பனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும், மழையும் குறையும். 16 பேர்தான் விழுந்ததென்று வை. அதே 1,350படி சம்பளம் 21,600, சேமலாப நிதி 1,728, மற்றப் பிடிப்புகள் 2,340, கைக்கு 17,532. கடையும் கரண்டும் டியூஷனுமே 18,200. திருவிழாவுக்கு ஒதுக்காமலே 668 ரூபாய் துண்டு விழுகிறது. கடைக்காரன் அந்த மாதமும் 3,000 கேட்பான்.

ஜனவரி முதல் மார்ச் வரையான சீட்டுகளை அம்மா தகரப் பெட்டியில் வைத்திருப்பார். அவற்றையும் படமெடுத்து அனுப்பு. தவணையில்லாத பழைய போன் ஒன்றின் விலையையும் கடையில் கேட்டுவை.

அன்புடன்,
மாமா