ஒளியைச் சேர்க்கும் பொறுமை

 



நபி (ஸல்) அவர்கள் இரவின் கடைசிப் பகுதியில் எழுந்ததும் வானத்தைப் பார்த்து, ஆலு இம்ரான் சூராவின் 190ஆம் வசனம் முதல் ஓதினார்கள் என இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. வானம், பூமியின் படைப்பைச் சிந்திப்போரைப் புகழும் வசனங்கள் அவை.

சிந்திப்பது என்றால் என்ன? ஓர் உதாரணம் பாருங்கள்.

ஆண்ட்ரோமெடா என்றொரு கேலக்ஸி. கோடானுகோடி நட்சத்திரங்களின் கூட்டம். நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, அங்கிருந்து இங்கு வர 25 லட்சம் ஆண்டுகள் ஆகும். கி.பி. 964இல் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி (ரஹ்) என்ற அறிஞர் அதை ‘சிறு மேகம்’ என்று தம் நூலில் பதிவு செய்தார். வெறும் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும்.

1888இல் இங்கிலாந்தில் ஐசக் ராபர்ட்ஸ், தொலைநோக்கியில் போட்டோ தகட்டைப் பொருத்தி சுமார் 4 மணி நேரம் ஒளியைச் சேர்த்தார். அந்த மேகத்துக்குள் சுருள் சுருளாக ஓர் அமைப்பு தெரிந்தது!

வந்தது அதே ஒளிதான். நம் கண் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. தகடு சேர்த்து வைத்தது. வாணியம்பாடி பக்கம் காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கியிலும் மங்கலான பொருளைப் படமெடுக்க இப்படித்தான் காத்திருக்க வேண்டும்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, பொறுமை. இரண்டு, குறி விலகாமை. 4 மணி நேரத்தில் வானம் 60 பாகை நகர்ந்துவிடும். தொலைநோக்கியும் கூடவே திரும்ப வேண்டும். சற்று அசைந்தாலும் நட்சத்திரம் கோடாக இழுபடும்.

சகோதரர்களே! நம் தொழுகையை நினைத்துப் பாருங்கள். தக்பீர் கட்டிய உடல் நிற்கிறது. உள்ளம் கடைக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் போய்விடுகிறது. பிறகு, “ஓதுகிறேன், தொழுகிறேன், ஒன்றும் தெரியவில்லையே ஹஜ்ரத்” என்கிறோம். ஒளி வந்துகொண்டுதான் இருக்கிறது. நாம் நிற்பதில்லை.

தை மாதத்தில், நிலா இல்லாத இரவில், இஷா தொழுதுவிட்டு ஊர் விளக்குகளைத் தாண்டி நம் கரிசல் காட்டுப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். கிப்லாவை நோக்கி நின்றால் சற்று வலப்புறம், ஏறக்குறைய பாதி உயரத்தில் அந்தச் சிறு மேகம் இருக்கும். செல்போனைப் பையில் போட்டுவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழகவே கால் மணி நேரமாகும். அதுவரை ‘ஸுப்ஹானல்லாஹ்’ சொல்லிக் காத்திருங்கள்.

சிந்திக்கும் உள்ளத்தையும் நிலையான தொழுகையையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.