மென்பொருட் சோதனை: முதற் பயிற்சி

மென்பொருட் சோதனையைக் கற்கப் புகுவோருக்குத் தொடக்கத்தில் தாளும் பென்சிலுமே போதும். பெங்களூர் விவேக் நகரின் அஞ்சல் குறியீட்டு எண் 560047. இதனைக் கேட்கும் ஓய்வூதிய விண்ணப்பம் ஒன்று கணிப்பொறித் திரையில் உள்ளதெனக் கொள்வோம். சரியான எண்ணை மட்டும் இட்டுப் பார்த்து மனநிறைவு கொள்வது சோதனையன்று. 56004, 5600471 என இடுக, எழுத்துகளை இடுக, வெற்றிடமாகவும் விடுக. 060047 ஏற்கப்படின் அது பிழையே. 1972-இல் தோன்றிய இம்முறையில் எந்த எண்ணும் சுழியத்தில் தொடங்குவதில்லை.

மூன்றாம் இலக்கத்தின்பின் இடம் விட்டு, 560 047 என எழுதுவோர் பலர். அவ்வாறு எழுதிய முதியவரின் விண்ணப்பம் தள்ளப்படலாமா? விதி கூறாவிடின், சோதிப்பவர் கேட்டே தீர வேண்டும். நமது கருத்தில் இக்கேள்வியே பயிற்சியின் உயிர்நிலை.

எதிர்பார்க்கும் விளைவை முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். இல்லையேல் கண்டதையே எதிர்பார்த்ததாக மனம் ஒப்பிவிடும்.