வேலையா, சொந்தத் தொழிலா?

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற மகன், கொழும்பு நிதி நிறுவனம் தரும் பெருஞ் சம்பளம் வேண்டாம், நண்பர்களுடன் தொழில் தொடங்குகிறேன் என்கிறான். பெற்றோரே, என்ன சொல்வீர்கள்?

1994இல் ஜெப் பெசோஸ் நியூயோர்க் முதலீட்டு நிறுவன உயர்பதவியைத் துறந்து அமேசனைத் தொடங்கினார். பணம் தந்த பெற்றோரிடம், தோற்க 70 விழுக்காடு இடமுண்டு என்று முன்கூட்டியே சொன்னார். அவர் செல்வத்தையல்ல, இந்த நேர்மையைக் கவனியுங்கள்.

அவருக்குப் பெற்றோரின் சேமிப்பு இருந்தது. நம் பிள்ளைகளோ கடனையே நம்புகிறார்கள். 2022 ஏப்ரலில் நம் மத்திய வங்கி தன் கடன் வட்டி வீதத்தை ஒரே நாளில் 7.5இலிருந்து 14.5 விழுக்காடாக உயர்த்தியதை மறந்துவிட்டோமா?

மகனைத் தடுக்காதீர்கள், கணக்குக் கேளுங்கள். எத்தனை மாதம் சம்பளமின்றித் தாங்குவான்? தங்கையின் சீதனக் காசைத் தொடுவானா? (காணி உறுதியை ஈடுவைக்கக் கேட்டால் மட்டும் உடனே மறுத்துவிடுங்கள்.) பதில் சொல்லத் தடுமாறினால், இரண்டாண்டு அந்த வேலைக்கே போய்ச் சேமிக்கட்டும்.