பாலை நகரின் நீர்மாடங்கள்

மழை அரிதாகிய நிலத்தில் நீரைக் காப்பதே தலையாய கலையாகும். ஈரான் நாட்டின் பாலை நகரான யஸ்தில் காணப்படும் 'ஆப் அன்பார்' என்னும் செங்கல் நீர்மாடங்கள் இதற்குச் சான்றாவன. பாரசீக மொழியில் 'ஆப்' என்பது நீர். 'அன்பார்' என்பது களஞ்சியம்.

மலையடிவாரத்து நிலத்தடி நீர், 'கனாத்' எனப்படும் சுரங்கக் கால்வாய் வழியே இறைப்பாரின்றித் தானே சரிந்துவந்து இம்மாடங்களை நிரப்பும். தொட்டி தரைக்குக் கீழே அமைந்திருப்பதால் சுற்றியுள்ள மண் நீரின் அழுத்தத்தையும் தாங்கும், வெப்பத்தையும் தடுக்கும். சுண்ணாம்பு, களிமண், சாம்பல் முதலியன சேர்ந்த 'சாரூஜ்' என்னும் காரை கசிவைத் தடுக்கும். மேலுள்ள செங்கற் குவிமாடம் வெயிலையும் தூசியையும் விலக்கும். 'பாத்கீர்' என்னும் காற்றுக் கோபுரங்கள் உள்ளே காற்றை உலவச் செய்து நீரைக் குளிர்விக்கும். ஆறு கோபுரங்கள் கொண்ட மாடமும் யஸ்தில் உண்டு.

எனினும், இக்கட்டடத்தின் உயர்ந்த நுட்பம் படிக்கட்டிலேயே விளங்குகிறது. நீர் கொள்ள வருவோர் தொட்டியை நெருங்குவதில்லை. தனியே இறங்கும் படிகளின் அடியிலுள்ள குழாயில் பிடித்துச் செல்வர். கைபடாமையால் நீர் மாசுறாது காக்கப்பட்டது. செல்வர் பலர் இத்தகைய மாடங்களைக் கட்டி, ஊர்ப் பொதுவுக்கு வக்ஃபாக அளித்தனர்.

20ஆம் நூற்றாண்டில் வீடுதோறும் குழாய்நீர் வந்தபின் இவை வழக்கொழிந்தன. 2016இல் பாரசீகக் கனாத்துகளும், 2017இல் யஸ்த் நகரும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. தாம் அருந்தும் நீர் பின்வருவோர்க்கும் உரியது என்னும் எண்ணமே இம்மாடங்களின் மெய்யான அடித்தளம். செங்கல்லைக் காப்பதோடு அவ்வெண்ணத்தையும் காப்பது நம் கடன்.