நுகர்வோர் உரிமை

மதுரைக்குத் தென்மேற்கே, முருகன் கோயில் கொண்ட குன்றின் அடியில் விளங்குவது திருப்பரங்குன்றம். அவ்வூர்த் தையற்காரர் ஒருவர், வேறு மாநிலத்து ஆலையொன்றிற்குச் சென்று, தம் பிழைப்புக்கெனத் தையல் இயந்திரம் வாங்கி வந்தார் எனக் கொள்க. ஒரு திங்களுக்குள் அது பழுதுற்றது. ஆலையாருக்கு எழுதிய மடல்களுக்கு மறுமொழி இல்லை. அவர் யாது செய்வார்?

1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எதிர்த்தரப்பினர் தொழில் நடத்தும் இடத்திலோ வழக்கின் காரணம் எழுந்த இடத்திலோதான் முறையிட இயன்றது. வழிச்செலவுக்கு அஞ்சும் ஏழைக்கு அவ்வுரிமை எட்டாக்கனியே. 2020ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இக்குறையை நீக்கியது. நுகர்வோர் தாம் வாழும் இடத்திலேயே முறையிடலாம். வாணிக நோக்குடன் வாங்குவோர் நுகர்வோர் ஆகார். ஆயினும், சொந்த உழைப்பால் பிழைப்பதற்கு வாங்குவோர் நுகர்வோரே. ஆகவே, தையற்காரர் மதுரையிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம்.

விலைச்சீட்டு, உத்தரவாதச் சீட்டு, மடல்களின் படிகள் ஆகியவற்றை இணைத்து, குறை தோன்றிய இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் மனுச் செய்தல் வேண்டும். வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடலாம். கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடின் கட்டணம் இல்லை. தேவையாயின், ஆணையம் பொருளை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பும். குறை மெய்ப்பட்டால், பழுது நீக்கவோ, புதுப்பொருள் தரவோ, விலையைத் திருப்பி அளிக்கவோ ஆணையிடும். இழப்பீடும் வழங்கச் செய்யும்.

சிறு சீட்டொன்றைப் பேணாமையால் பெரும் உரிமை கைநழுவக்கூடும். ஆதலின், பொருள் வாங்கும்போதே சீட்டைக் கேட்டுப் பெற்றுப் பாதுகாத்தல் மாணவர் அனைவரும் மேற்கொள்ளத்தக்க நற்பழக்கம் ஆகும்.