காவிரியின் ராஜமீன்



வரைபடத்தில் நார்வே நாட்டின் வட கோடியைப் பாருங்கள். அங்கே ஆல்ட்டா என்று ஓர் ஆறு. கடலில் வளர்ந்த சால்மன் மீன் முட்டையிட இந்த ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறும். தூண்டில் முள்ளில் இறகைக் கட்டி, பூச்சி மாதிரி செய்து வீசுவார்கள். ஆற்றுக்குள் வந்த சால்மன் இரையே தின்னாது. ஆனாலும் அந்தப் பூச்சியைப் பாய்ந்து கவ்வும்!

அதற்குச் சளைக்காத மீன் நம்ம காவிரியிலும் இருக்கு. பெயர் கூன்முதுகு மகசீர். கெண்டை இனம். 1946-ல் கபினி ஆற்றில் தூண்டிலில் சிக்கிய மகசீர் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ! தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பல்லால் நண்டு, நத்தையை நொறுக்கும். இதைப் பிடிக்க இறகுப் பூச்சி வேண்டாம். நம்ம வீட்டு ராகி மாவு உருண்டை போதும்!

அஞ்செட்டி காட்டுக்கு மேலே, கர்நாடகத்தில் கலிபோரே என்ற இடத்தில் தூண்டில் முகாம் இருந்தது. பிடித்த மீனை உயிரோடு திரும்ப ஆற்றில் விட்டுவிட வேண்டும். எத்தனை மீன், என்ன எடை என்று நோட்டில் எழுதி வைத்தார்கள். பிறகு சரணாலயத்துக்குள் தூண்டில் போடத் தடை வந்தது. 1998 முதல் 2012 வரையான அந்தக் கணக்கை விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மகசீர் பெருகியிருந்தது. நம்ம கூன்முதுகு மகசீர் குறைந்துகொண்டே போயிருந்தது. இதன் அறிவியல் பெயர் டோர் ரேமாதேவி என்று 2018-ல்தான் உறுதியானது. அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. பெயர் தெரிந்ததும் ஆபத்து தெரிந்ததும் ஒரே வருஷத்தில்!

அணைகள் வழியை மறிக்கின்றன. மணல் அள்ளினால் முட்டையிடும் இடம் போகிறது. தோட்டா போட்டால் குஞ்சு முதல் பெரிய மீன் வரை ஒன்றாகச் சாகிறது.

நம்ம மாவட்டத்துப் பிலிகுண்டுலுவில் காவிரித் தண்ணீரைக் கன அடியில் அளக்கிறார்கள், பேப்பரில் படிக்கிறோம். அந்தத் தண்ணீருக்குள் இருக்கும் மீனை யார் எண்ணுவது? ஒரு நோட்டுக் கணக்கு இல்லாவிட்டால் இந்த மீன் குறைவதே தெரிந்திருக்காது. நண்பர்களே, தோட்டா போட்டுப் பிடித்த மீனை வாங்க வேண்டாம் என்று இன்றே வீட்டில் சொல்லுங்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவன்