முதலில் மிஷின், அப்புறம் பிளேடு

மேல்சித்தாமூரிலிருந்து செஞ்சிக்கு பஸ் ஏறி பார்லர் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு த்ரெட்டிங், ஃபேஷியல், மணப்பெண் அலங்காரம் எல்லாம் கைக்கு வந்தபின் கண்ணில் படுவது 'மூன்றே நாளில் மைக்ரோபிளேடிங்' விளம்பரம்தான். நிரந்தரப் புருவம் கற்பது நல்ல யோசனை. எதை முதலில் கற்பது என்பதில்தான் பலரும் காசை விடுகிறார்கள்.

மைக்ரோபிளேடிங்கைத் தள்ளிவையுங்கள், பவுடர் ப்ரோவில் தொடங்குங்கள் என்பது என் கட்சி. மைக்ரோபிளேடிங்கில் மெல்லிய ஊசிகளை வரிசையாகப் பதித்த கைக்கருவியால் தோலை முடி முடியாகக் கீறி நிறம் ஏற்றுகிறோம். செய்த அன்று போட்டோவில் அசல் முடியே தோற்றுவிடும். ஆனால் எண்ணெய் வழிகிற தோலில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து சீக்கிரமே மங்கிப்போகும். பவுடர் ப்ரோவில் மிஷின் ஊசி புள்ளி புள்ளியாக நிறத்தை வைக்கிறது. மை தீட்டியதுபோல் இருக்கும், எண்ணெய்த் தோலிலும் நிற்கும். நெல்லிலும் மல்லாட்டையிலும் வெயிலேறுகிற முகங்களுக்கு இதுதான் தோது. இன்னொரு லாபமும் உண்டு: மிஷினில் கை பழகினால் ஒற்றை ஊசி மாட்டி முடிக்கோடு வரையும் நானோ முறைக்குப் போவது சுலபம். வறண்ட தோல்காரர்களுக்காக பிளேடைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

ஆழம்தான் இந்தத் தொழிலின் உயிர். மேல்தோலைத் தாண்டி, உள்தோலின் மேல்விளிம்போடு ஊசி நிற்க வேண்டும். ரத்தம் முத்து முத்தாக வந்தால் ஆழம் அதிகம். பாட்டிமார் கையிலுள்ள பச்சையைப் பாருங்கள். குத்தியது கரிதான், ஆழத்தில் கிடப்பதால் தோல் வழியாக நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது. புருவத்துக்கும் அதே கதிதான். சுத்தக் கறுப்பு பிக்மென்ட்டை ஆழக் குத்தினால் காலப்போக்கில் நீலம் பாரிக்கும். மாநிறத்துக்கும் கறுத்த நிறத்துக்கும் அடர்பழுப்பு நல்லது.

மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிற ஊர். நயினார் வீட்டுப் பெண் ஒருவர் "இதுல விலங்குக் கலப்பு இருக்கா?" என்று கேட்டால் விழிக்கக் கூடாது. பிக்மென்ட்டில் சேர்க்கும் கிளிசரின் கொழுப்பிலிருந்தும் வரலாம், தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம். சில கறுப்புகள் எலும்புக்கரி. வீகன் என்று லேபிளிலேயே போட்டதை வாங்கிவையுங்கள்.

இனி நாள் கணக்கு. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வருகிற மணப்பெண்ணைத் திருப்பி அனுப்புங்கள். முதல் பத்து நாள் பொருக்குத் தட்டும், உதிரும், நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். அந்தப் புண்மேல் நலங்கு மஞ்சள் ஏறினால் வம்பு உங்கள் தலையில். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டச்-அப் வேண்டும். ஆகவே ஆவணி முகூர்த்தம் என்றால் ஆனி பிறந்ததுமே முதல் அமர்வு, ஆடியில் டச்-அப். தை கல்யாணத்துக்குக் கார்த்திகை பிறந்ததும் தொடங்கி, மார்கழியில் முடித்துவிட வேண்டும். பார்லர்கள் ஈயோட்டுகிற ஆடியும் மார்கழியும் உங்களுக்கு வேலை மாதங்கள் ஆகிவிடும். கத்திரி வெயிலில் மட்டும் புது ஆள் எடுக்காதீர்கள், வியர்வையில் புண் ஆறாது.

பயிற்சி மையத்தில் சான்றிதழ் ஃபிரேமைப் பார்த்து மயங்க வேண்டாம். உயிருள்ள முகத்தில் எத்தனை தடவை கைவைக்க விடுவார்கள் என்று கேளுங்கள். ரப்பர் தோலில் மட்டும் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். போட்டோ காட்டினால் ஆறு வாரம் கழித்து எடுத்ததைக் கேளுங்கள். மிஷின் வாங்கக் கடன் தேவையென்றால் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கிடைக்கும்.

பார்லர் மூலையில் எரியும் நீல விளக்குப் பெட்டி கிருமியை முழுக்கக் கொல்லாது. ஒருவருக்கு ஒரு கார்ட்ரிட்ஜ், பிரித்தது குப்பைக்கு. அதுவும் ஊசி துளைக்காத டப்பாவில். மை மிஷினுக்குள் திரும்பாதபடி உள்ளே சவ்வு வைத்த கார்ட்ரிட்ஜ்தான் வாங்க வேண்டும். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி மூன்று தவணையையும் நீங்கள் போட்டுக்கொண்டபிறகு ஊசியைத் தொடுங்கள்.

முதலாளியிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்: மிஷின் யாருடையது, டச்-அப்புக்குக் கூலி உண்டா, வாடிக்கையாளரை வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா? மூன்றாவதுதான் முக்கியம். கர்ப்பிணி, பால் கொடுப்பவர், கட்டுப்படாத சர்க்கரைக்காரர், ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர், காது குத்திய இடத்தில் தடித்து வீங்கிய தழும்பு உள்ளவர் இவர்களுக்கெல்லாம் செய்யக் கூடாது. மற்றவர்களுக்கும் முன்னதாகவே பேட்ச் டெஸ்ட் செய்து, தமிழில் ஒப்புதல் எழுதி வாங்குங்கள்.

புருவத்தின் வால்பக்கம் மட்டும் தானாகக் கொட்டிப்போய் வருகிறவரை இன்னும் கவனமாகப் பாருங்கள். தைராய்டு குறைவு அப்படிக் காட்டும், தொழுநோயும் காட்டும். தோலில் உணர்ச்சியில்லாத திட்டு ஏதும் உண்டா என்று தனியாக, மெதுவாக விசாரியுங்கள். மேலே நிறம் வைத்து மூடிவிட்டால் அந்த அறிகுறி டாக்டர் கண்ணில் படாமலே போய்விடும். செஞ்சி அரசு மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ முதலில் அனுப்புங்கள். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.